கால் மாறியிருக்கிறது

உறையைக் கிழித்து, திருத்தம் பார்க்க வந்த தன் புத்தகத்தின் அச்சுப் படியை வெளியே இழுத்ததுமே அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நடராசர் இன்னமும் இடது காலைத்தான் தூக்கிக்கொண்டு நின்றார். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், ஆச்சரியக்குறியோடு, ஒரு வரி வேறு முளைத்திருந்தது: 'கால் மாறியிருக்கிறது!'

அது படத்துக்கான வரி இல்லை, சாமி. போன வாரம் அவள் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியனுப்பிய திட்டு. படத்தைத் திருப்பிப் போட்டுக் காலை மாற்றிவிட்டாய், ஒழுங்காகப் போடு என்று அர்த்தம். அச்சகத்துக்காரன் அதை அலுங்காமல் எடுத்து அச்சுக் கோத்து, படத்துக்குக் கீழே உட்கார வைத்துவிட்டான். தவறான காலுக்குச் சரியான விளக்கம்! இதைப் பார்த்து அழுவதா, சிரிப்பதா?

அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். உலகத்தில் எங்கே பார்த்தாலும் நடராசர் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கித்தான் ஆடுகிறார். மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் மட்டும்தான் தலைகீழ். அங்கே இடது கால் ஊன்றியிருக்கும், வலது கால் எழும்பியிருக்கும். நாட்டியம் கற்றுக்கொண்ட பாண்டியன் ஒருவன், உடம்பு கழன்றுபோகும்வரை ஆடிப் பார்த்துவிட்டு, 'ஐயோ, இந்த மனுஷன் காலகாலமாக ஒரே காலில் நிற்கிறாரே, அந்தக் கால் என்ன பாடு படும்' என்று கலங்கிப் போனானாம். எனக்காக ஒரு தடவை காலை மாற்றிக்கொள் என்று கெஞ்சினானாம். சாமியும் மாற்றிக்கொண்டதாம். கோயிலின் பெருமையே 'கால் மாறி ஆடியது' என்ற அந்தச் சொல்தான். அந்தச் சொல்லை வைத்தே அவளுக்கு ஆப்பு வைத்துவிட்டான் அச்சகத்துக்காரன்.

உடனே போனை எடுத்தாள்.

"தம்பி, நான் எழுதினது உனக்கான குறிப்புப்பா. அதைப் போய் அச்சுல ஏத்தியிருக்கியே!"

"அப்படியாக்கா? 'கால் மாறி ஆடினார்'னு கேள்விப்பட்டிருக்கேன். அதைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். தூக்கிடறேன், சரியா?"

"வரியை மட்டும் தூக்கினா போதாது. படத்தையும் திருப்பு. வலது கால் மேல இருக்கணும்."

"சரிக்கா. யாருக்கு வலது? பார்க்கறவங்களுக்கா, சாமிக்கா?"

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "கால் யாரோடதுப்பா?"

"சாமியோடது."

"அப்போ வலது யாருக்கு?"

"சாமிக்குத்தான்க்கா. சரியா?"

எதைச் சொன்னாலும் கடைசியில் 'சரியா?' என்று கேட்பான். அதனால் அவனுக்கு ஊரெல்லாம் 'சரியா' என்றே பெயர். நாற்பத்தைந்து வயசு, ஒரு சின்ன அச்சகம், அதில் எல்லா வேலைக்கும் அவன் ஒருத்தன்தான். ஒரு காலத்தில் இருவரும் ஒரே கட்டட வரைபட ஆபீஸில் இருந்தவர்கள். அவள் ட்ரேசிங் தாளில், இரண்டு பக்கமும் கோடு தெரிகிற அந்த மெல்லிய தாளில், கோடு போடுவாள். அவன் அதைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் அளவுகளையும் எழுத்துகளையும் எழுதுவான். அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று முதலாளிக்கு ஒரு மயக்கம். அதனால் அந்த ஆபீஸில் கோடு ஒருத்தி, எழுத்து ஒருத்தன் என்று ஆகிப்போனது.

அந்த ஆபீஸ் அவளுக்கும் ஒரு பெயர் கொடுத்தது. 'கண்ணாடி.'

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன மருத்துவமனைக்கு அவள் படிக்கட்டு வரைந்தாள். ஏறும்போது இடது பக்கம் திரும்ப வேண்டிய படிக்கட்டு. கட்டி முடித்துப் பார்த்தால் அது வலது பக்கம் திரும்பிப் போய் ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றது. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அத்தனையையும் இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். யார் தப்பு என்று தேடியபோது, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக வரைந்துவிட்டாள் என்று எல்லா விரலும் அவளைத்தான் காட்டின. 'நான் சரியாகத்தான் வரைந்தேன், என் ட்ரேசிங் தாளை எடுத்துப் பாருங்கள்' என்று தொண்டை கிழியக் கத்தினாள். தேடினார்கள். அலமாரியில் அத்தனை தாளும் இருந்தது, அந்த ஒன்றைத் தவிர. அன்றிலிருந்து அவள் வரைந்த எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கண்ணாடி வரைஞ்சது, நேரா இருக்கா பாரு" என்று சிரித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு போங்கடா நீங்களும் உங்கள் ஆபீஸும் என்று வந்துவிட்டாள். பெயர் மட்டும் கூடவே வந்தது. வீட்டுக்காரர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்து, 'கண்ணாடி, சாவி எங்கே? கண்ணாடி, தண்ணி கொடு' என்று செல்லப் பெயராகவே ஆக்கிவிட்டார். அவர் மனசில் விகல்பம் எதுவும் இல்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும்.

அந்த ஆபீஸில் அவளை அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் சரியாதான். அன்றிலிருந்து இன்றுவரை வெறும் 'அக்கா'தான். அதற்காகத்தான், ஊரில் எத்தனையோ பெரிய அச்சகங்கள் இருக்க, புத்தகத்தை அவனிடம் கொடுத்தாள்.

புத்தகம் என்றால் சும்மா இல்லை, ஒன்பது வருஷம். அளவு நாடாவும் பென்சிலுமாகப் போய்ப் போய்த் தங்கி, கோயிலை அங்குலம் அங்குலமாக வரைந்திருந்தாள். ஆயிரங்கால் மண்டபத்தில் ஒவ்வொரு தூணாகத் தொட்டு எண்ணி, தொள்ளாயிரத்து எண்பத்தைந்துதான் என்று எல்லோரும் சொல்வதைத் தானும் ஒருமுறை உறுதி செய்துகொண்டாள். எது பாண்டியர் காலத்தது, எது நாயக்கர்கள் எடுத்துக் கட்டியது என்று கல்லைக் கல்லாகப் பிரித்தாள். நாலு வெளிக் கோபுரங்களில் கிழக்குதான் மூத்தது, தெற்குதான் உயரம், வடக்கு ரொம்பக் காலம் பொம்மைகளே இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது. இத்தனையும் அவள் கோட்டில் இருந்தது. பழைய பழக்கம் விடாமல் கோடு தனியாக ட்ரேசிங் தாளில், எழுத்து தனித் தாளில். முதல் பக்கத்தில் அவள் பெயர். வாழ்நாளில் அவள் வரைந்த ஒன்றில் அவள் பெயர் இருக்கப்போவது இதுதான் முதல் தடவை. அதில் ஒரு கோடு இடம் வலம் மாறினாலும், 'பார்த்தியா, அன்னைக்கும் இவதான்' என்று ஆகிவிடும். வேறு வினையே வேண்டாம்.

மறுநாள் பன்னிரண்டு மணிவாக்கில் அடுத்த படி வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சாமி ஒருவழியாக வலது காலைத் தூக்கியிருந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டாள். கடைசியில் ஒரு மடிப்புத் தாள் இருந்தது. கோயிலின் முழு வரைபடம், புத்தகத்திலேயே பெரிய படம், இப்போதுதான் முதல் தடவையாக வருகிறது. கிழக்கு வாசலில் நுழைகிறவர் கண்ணால் பார்ப்பதுபோல, கிழக்கைக் கீழே வைத்து வரைந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அதை விரித்தாள். விரித்த கை அப்படியே நின்றது.

அம்மன் சன்னதி இடம் மாறியிருந்தது.

மீனாட்சி சுவாமிக்கு வலப் பக்கம், தெற்கே இருக்கிறவள். மற்ற கோயில்களில் அம்மன் இடப் பக்கம் இருப்பது வழக்கம். இங்கே ராஜ்யம் அவளுடையது, அதனால் வலப் பக்கம் என்று சொல்வார்கள். படத்தில் அவளைத் தூக்கிச் சுவாமிக்கு இடப் பக்கம், வடக்கே வைத்தாகிவிட்டது. கூடவே பொற்றாமரைக் குளம் வடக்கே போயிருந்தது. உயரமான தெற்குக் கோபுரம் வடக்கே. மொட்டைக் கோபுரம் தெற்கே. சரியாவின் முத்து முத்தான எழுத்தில் அத்தனைக்கும் பெயர் வேறு போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு சீட்டு: 'அக்கா, மதியம் மெஷின்ல ஏத்தறேன். சரியா?'

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் அவனுக்குக் காது கேட்காது. மணி பன்னிரண்டே கால்! காலில் செருப்பை மாட்டியும் மாட்டாததுமாகப் படியிறங்கினாள். தெருவில் குழாய் பதிக்க நடுவில் பள்ளம் தோண்டி, ஒரே ஒரு பலகையைப் பாலமாகப் போட்டிருந்தார்கள். எதிரே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி, பின்னால் சைக்கிளோடு ஒருத்தன். இந்தத் தெருவையும் இன்றைக்குத்தானா தோண்டவேண்டும் என்று கறுவிக்கொண்டே அவர்கள் கடக்கும்வரை நின்றாள். அதற்குள் இன்னும் நூறு தாளாவது ஓடியிருக்கும்.

அச்சகம் ஒரு துணிக்கடைக்குப் பின்பக்கம். கதவைத் தள்ளியதும் மை வாசனையும் தடதடச் சத்தமும் முகத்தில் அடித்தன. மெஷினின் மறுமுனையில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மீனாட்சி தப்பான பக்கம். அவள் யாரையும் கேட்கவில்லை. நேரே போய்ச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அமுக்கினாள். மெஷின் முனகி நின்றது.

காகிதக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து சரியா ஓடிவந்தான். "அக்கா! என்னக்கா, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? கோயிலையே திருப்பி வச்சுட்டு என்ன ஆச்சுன்னு கேக்கறியா? அம்மனை யாரைக் கேட்டு இந்தப் பக்கம் மாத்தினே?"

"சாமிக்கு இடது பக்கம்தானேக்கா அம்மன்?"

"இங்க இல்லப்பா! இந்தக் கோயில்ல இல்ல! ஒன்பது வருஷம் நான் அங்க என்ன, பராக்குப் பார்த்துட்டு இருந்தேனா? ஒண்ணுமே தெரியாதவன் கையில கொடுத்திருந்தா, கொடுத்ததை அப்படியே போட்டிருப்பான். உனக்குப் பாதி தெரியும். அதனாலதான் என் உயிரை வாங்கறே!"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்தான். அவளுக்கு அது போதவில்லை. பதினாலு வருஷத்து ஆத்திரம், இவன் தலையிலாவது இறக்கி வைக்கவேண்டும் போலிருந்தது.

"நேரா சொல்லு. 'கண்ணாடி வரைஞ்சது, எப்படியும் திரும்பித்தான் இருக்கும்'னு தானே நீயும் நெனச்சே? நீ ஒருத்தன்தான் அப்படி நெனைக்க மாட்டேன்னு உன்கிட்ட வந்தேன். நீயும் அவ்வளவுதானா?"

"ஐயோ, இல்லக்கா!" அவன் பதறிப்போய் நிமிர்ந்தான். "உங்க மேல எனக்குச் சந்தேகமே வந்ததில்ல. சத்தியமா. நீங்க தப்பா வரைவீங்களா? அம்மன் வலது பக்கம் இருக்கவும், நான்தான் மறுபடியும் தாளைத் திருப்பி வச்சுட்டேன்னு பயந்துட்டேன். நகத்தால தடவிக்கூடப் பார்த்தேன், மை மேல் பக்கம்தான் இருந்தது, தாள் நேராத்தான் இருந்தது. இருந்தாலும் என் கையை நானே நம்பலக்கா, திருப்பிப் போட்டுட்டேன். சரியா?"

அவள் எதுவோ சொல்ல வாயெடுத்தாள், நிறுத்தினாள்.

"மறுபடியும்னா?"

சரியா கை துடைத்த துணியை மறுபடி மடித்தான்.

"மறுபடியும்னா என்னப்பா? முதல் தடவை எப்போ?"

அவன் மெஷினைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக நடந்து, உள்ளே மை டப்பாக்கள் அடுக்கியிருந்த இரும்பு அலமாரிக்குப் போனான். மேல் தட்டில் கையை விட்டு ஒரு நீளமான அட்டைக் குழாயை எடுத்தான். தூசியைத் தட்டக்கூட இல்லை. அவளிடம் நீட்டினான்.

குழாயிலிருந்து ஒரு ட்ரேசிங் தாள் வந்தது. ஓரமெல்லாம் பழுத்துப்போன தாள். மேஜையில் விரிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏழாவது படியில் கோடு சற்றுத் தடித்துப்போய், பிளேடால் சுரண்டித் திருத்தியிருந்தாள் அன்று. அந்தச் சுரண்டல் அப்படியே இருந்தது. நகத்தால் தடவினாள். மை மேலே இருந்தது. மை மேலே இருக்கும்போது படிக்கட்டு இடது பக்கம் திரும்பியது.

"அன்னைக்கு மெஷின்ல திருப்பிப் போட்டுட்டேன்க்கா. எழுத்து இல்லாத தாள், எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. பிரதி வந்ததும் மேல அளவையெல்லாம் எழுதி அனுப்பிட்டேன். கட்டினப்புறம்தான் தெரிஞ்சது. அப்போதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வேலை போயிடும்னு பயம். தாளை எடுத்து ஒளிச்சுட்டேன். கிழிக்கத்தான் நெனச்சேன், கை வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

கடைசியில் 'சரியா?' என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்து அவன் அதைக் கேட்காமல் விட்ட ஒரே பேச்சு அதுதான்.

அவள் அவனை அறையவில்லை. அறைந்திருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? முதலாளி செத்து ஐந்து வருஷம். ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அவர்களுக்கு அந்தப் படிக்கட்டே நினைவிருக்காது. ஜெயித்துவிட்டாள், பார்க்க ஆளில்லை. நல்ல நியாயம்!

ஆளில்லாமல் என்ன, ஒருத்தர் இருந்தார்.

"கிளம்பு," என்றாள்.

"எங்கக்கா?"

"வான்னா வா. இப்போ என்கிட்ட சொன்னதை ஒரு எழுத்து விடாம அங்க வந்து சொல்லு."

வீட்டுக்காரர் வேலை பார்த்த மருந்துக் கடை இரண்டு தெரு தள்ளி. கண்ணாடிக் கதவைத் திறந்தபோது அவர் மாத்திரை அட்டை ஒன்றைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். மனைவியையும், பின்னால் மை அப்பிய சட்டையோடு சரியாவையும் பார்த்ததும் கத்தரி நின்றது. "என்னாச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

அவள் பதில் சொல்லாமல் இருமல் மருந்துகளை ஒதுக்கிவிட்டு அந்தத் தாளைக் கடைப் பலகைமேல் விரித்தாள். சரியா சொன்னான். திக்கித் திக்கித்தான் சொன்னான், ஆனால் எதையும் விடவில்லை. மருந்து வாங்க வந்த ஒரு பெரியவரும் நின்று, தன் சீட்டைக்கூட மறந்துவிட்டு, முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் தாளைப் பார்த்தார். விரலால் படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். திரும்பும் இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு ஆச்சரியம்.

"அப்போ நெஜமாவே நீ சரியாத்தான் வரைஞ்சிருக்கியா?"

அவள் தாளை அவர் விரலுக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"பதினாலு வருஷமா நான் வேற என்னங்க சொல்லிட்டு இருந்தேன்?"

"இல்ல... நீ சொன்னே. சொன்னேதான். நான் உன்னை ஒரு நாளாவது தப்பு சொல்லியிருக்கேனா? 'விடு, தப்பு யாருக்குத்தான் வராது'ன்னு எத்தனை தடவை ஆறுதல் சொல்லியிருக்கேன்!"

"ஆறுதல் யாருங்க கேட்டா?"

பெரியவர் தன் சீட்டைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரர் கத்தரியை எடுத்தார், வைத்தார். ஆபீஸில் சிரித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதை அவள் தாங்கிக்கொண்டாள். இவர் தட்டில் சோறு போடும்போதும் பக்கத்தில் படுக்கும்போதும் பாவம் தப்பு பண்ணியவள் என்றே நினைத்துக்கொண்டு, அதற்காகவே அவளிடம் கூடுதல் அன்பாக இருந்திருக்கிறார். அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தாளைச் சுருட்டிக் குழாயில் போட்டாள். மூடியை இறுக்கினாள்.

"வாப்பா," என்றாள் சரியாவிடம். "அம்மனைத் தெற்கே கொண்டுவந்து வைக்கணும். ஓடின தாள் அத்தனையும் குப்பைக்குப் போகட்டும். இந்தத் தடவை நான் பக்கத்துலேயே நிப்பேன். நீ எதையும் சரி பண்ணாதே. இருக்கறதை அப்படியே போடு."

"சரிக்கா," என்றான் அவன். அவ்வளவுதான்.

அவள் கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "சாப்பாட்டுக்கு வந்துடுவியா, கண்ணா..."

அந்தப் பெயரைப் பாதியில் நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. அந்த இடத்தில் வேறு எதையோ வைக்கத் தேடினார். தேடுவது முகத்தில் தெரிந்தது. அவள் கதவைப் பிடித்தபடி நின்று காத்திருந்தாள். அந்தப் படிக்கட்டு விவகாரத்துக்கு முன்னால் அவர் தன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் நினைவுக்கு வரவில்லை.